வலைக்கொட்டிலில் ஒரு கழுதை

மில்ரன் நானாட்டானில் விஞ்ஞானம் படிப்பிக்கும் வாத்தியார். ஆள் முருங்கைக்காய் போல ஒல்லிதான், ஆனால் ஆசை பெரிது. ஜெயனியைத் தனக்குக் கட்டித் தரச் சொல்லிக் கேட்கத்தான் அன்று பேசாலைக் கரையிலுள்ள அவள் வீட்டுக்குப் போயிருந்தான். அவளுடைய அப்பா அமிர்தநாயகமோ படகு எஞ்சினைத் தனியாளாகத் தோளில் தூக்கிக்கொண்டு கரையேறுகிற மனிதர்.

"காத்தடிச்சா உம்மைத் தேடித் தலைமன்னாருக்கெல்லோ போகவேணும்!" என்றார் வாசலிலேயே.

மில்ரன் தனக்குத் தெரிந்த பாடத்தை எடுத்தான். "புலிக்கு நகமிருக்கு, மாட்டுக்குக் கொம்பிருக்கு. மனிசனுக்கு ஒண்டுமில்லை, ஐயா. அவன் ஆதியிலையிருந்தே மூளையாலைதான் தப்பிப் பிழைச்சு வந்தவன்."

"அலை அடிக்கேக்கை அதுக்கும் பாடம் எடுப்பீரோ?"

கதவுக்குப் பின்னால் ஜெயனி தலையிலடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்தா கழுதை வரவேண்டும்! மன்னார்க் கழுதைக்கு வெயில் ஏறினால் யார் வீட்டு நிழலும் சொந்த நிழல்தான். இது குட்டியையும் கூட்டிக்கொண்டு முற்றத்தில் வலை வைக்கும் கொட்டிலுக்குள் புகுந்து, புது வலையின் மேல் ஏறி நின்றுவிட்டது. அமிர்தநாயகம் தள்ளினார், இழுத்தார், மாதாவைக் கூப்பிட்டார். கழுதை ஓர் உதை விட்டது. வலை கிழிகிற சத்தம் கேட்டது.

"விடுங்கோ ஐயா, நான் பாக்கிறன்."

மில்ரன் தாயைத் தொடவேயில்லை. பிறந்து சில நாளேயான குட்டியை அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தள்ளாடித் தள்ளாடி வெளியே நடந்தான். குட்டி அவனுடைய மடிப்புக் கலையாத சட்டையைத் தாராளமாக நனைத்தது. தாய்க் கழுதை ஒரு சண்டித்தனமும் இல்லாமல் அவன் பின்னாலேயே வந்தது.

ஜெயனி விழுந்து விழுந்து சிரித்தாள். அமிர்தநாயகம் சிரிக்கவில்லை. குட்டியை நக்கிக்கொண்டிருந்த கழுதையையே பார்த்து நின்றார். அவ்வளவு பெரிய மனிதரின் கண் கலங்கியிருந்தது.

"எனக்கிருக்கிறது ஒரே பிள்ளை, தம்பி," என்றார். "உம்மடை உடம்பிலை எனக்கென்ன கோவம்? இவளை நானாட்டானுக்குக் கொண்டு போயிடுவீரெண்டுதான் சாட்டுச் சொன்னனான்."

அமிர்தநாயகம் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கூட்டிக்கொண்டு போம். ஆனா நானும் பின்னாலை வருவன், சொல்லிப்போட்டன். வாசலிலை நான் குந்தியிருக்க ஒரு கதிரை போட்டு வையும்."

"கதிரை என்ன, கட்டிலே போட்டு வைக்கிறன், மாமா!" என்றான் மில்ரன், சட்டை சொட்டச் சொட்ட.