இ என்றால் தீயை நிறுத்து

சலவை ஆலையில் அவனுக்கு வைத்த பெயர் ஆவி. பாய்லர் அறையிலிருந்து வெளியே வந்தால் சட்டையிலிருந்து நீராவி கிளம்பும். ஆள் வருவதும் தெரியாது, பின்னால் வந்து நிற்பான். இரண்டு அர்த்தமும் பொருந்திப்போனதால் சொந்தப் பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் ஆலை அது. புதிதாக வந்த மேலாளர் ஒன்றுதான் சொன்னார்: சான்றிதழ் இல்லாதவன் பாய்லரைத் தொடக் கூடாது. ஆவி ஏற்கனவே பரீட்சை எழுதித் தோற்றவன். இந்தத் தடவையும் கோட்டை விட்டால் பாய்லர் வேறொருவன் கைக்குப் போகும்; இவன் ஈரத்துணி வண்டி தள்ள வேண்டும். வண்டி தள்ளுகிறவர்களை இத்தனை வருஷமும் இளக்காரமாகப் பார்த்தவன் அவன். அவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள்.

பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம், அவன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். மனைவி செல்போனில் மாதிரிக் கேள்விகளைப் படித்தாள். மருந்துக் கடையில் நின்று நின்று வீங்கிய காலை எதிர் நாற்காலியில் தூக்கிப் போட்டிருந்தாள்.

"பாதுகாப்பு வால்வை எப்போ—"

"ஆ."

"தண்ணியில உப்பு—"

"அ."

"கேஜ் கண்ணாடியில நீர்மட்டம்—"

"இ."

"அடேங்கப்பா! என் வீட்டுக்காரருக்கு மூளை முளைச்சிடுச்சு."

"எத்தனை நாளா மெல்லுறேன் இதையே. அடுத்ததப் போடு."

அவள் அடுத்ததைப் போடவில்லை. அவன் முதுகை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலை மாற்றாமல் படித்தாள். "கேஜ் கண்ணாடியில நீர்மட்டம் தெரியல. முதல்ல என்ன செய்யணும்? அ, தீயை நிறுத்தணும். ஆ, மேலாளரைக் கூப்பிடணும். இ, பம்ப்பைப் போட்டுத் தண்ணி விடணும். ஈ, அழுத்தத்தைக் கூட்டணும்."

"அதான் சொன்னேனே. இ."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

"காஞ்ச பாய்லர்ல தண்ணி விட்டாச்சு, வெடிச்சாச்சு," என்றாள் அவள். "நீங்க வெளுத்த விரிப்புலயே உங்களச் சுத்தி அனுப்புவாங்க."

"நீ மாத்திப் படிச்ச!"

"ஆமா. நாளைக்கு அவங்க மாத்த மாட்டாங்களா?"

"இதே கேள்விதான் வருதுன்னு போன தடவை பாஸானவனே சொன்னான். பரீட்சைக்கு முந்தின நாள் ஆளைக் கலக்காத."

"நீங்க பதிலப் படிக்கல. எழுத்தப் படிச்சிருக்கீங்க. நான் டப்பா இருக்கிற இடத்தப் பாத்தா மருந்து குடுக்கிறேன்? பேரப் படிச்சுத்தான் குடுக்கிறேன். எவனாவது அலமாரிய மாத்தி அடுக்கினா என்ன ஆகும்?"

"உன் மருந்துக் கடையும் என் பாய்லரும் ஒண்ணா?"

"ஒண்ணுதான். ரெண்டுலயும் ஆள் சாவாங்க."

அவன் போனைப் பிடுங்கி அணைத்தான்.

பரீட்சைக் கூடத்தில் கணினிகள் வரிசையாக இருந்தன. முதல் கேள்வியே தெரிந்த கேள்வி, எழுத்துக்கு எழுத்து அதே வாக்கியம். அவனுக்கு உயிர் வந்தது. அழுத்தினான். அடுத்ததும் அதே. கேஜ் கண்ணாடிக் கேள்வியில் முதல் இரண்டு சொற்களைத்தான் கண் பார்த்தது. விரல் 'இ'யை அழுத்திவிட்டது.

அதற்கடுத்தது பாதுகாப்பு வால்வு. 'ஆ'வை அழுத்தப் போன விரல், எதேச்சையாகப் பக்கத்தில் இருந்த வரியில் கண் பட்டதால் நின்றது. வால்வைக் கம்பி போட்டுக் கட்டிவிட வேண்டும் என்று இருந்தது அங்கே.

கேள்விகள் அப்படியே இருந்தன. பதில்களை இடம் மாற்றியிருந்தார்கள்.

திரும்பிப் போக வழி தேடினான். முன்னே போவதற்கு மட்டும்தான் பொத்தான் இருந்தது. அப்படியானால் அந்த 'இ'யில் என்ன எழுதியிருந்தது? அவன் படிக்கவே இல்லை.

அதன்பின் ஒவ்வொரு கேள்வியையும் படித்துவிட்டுக் கண்ணை மூடினான். மனத்துக்குள் தன் பாய்லர் அறைக்குப் போய், அந்த இடத்தில் நின்று, கை எதைத் தொடும் என்று பார்த்துவிட்டு வந்து பதிலைத் தேடினான். எழுத்துகளைப் பார்க்கவே பயமாக இருந்தது. முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

வெளியே எல்லோருக்கும் தாளில் முடிவு கொடுத்தார்கள். இவனை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள்.

தேர்வாளர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். "மார்க் தேறிடுச்சு. ஆனா காஞ்சிருக்கிற பாய்லருக்குள்ள தண்ணி விட்டிருக்கீங்களே."

"கை போயிடுச்சு சார்."

"கை மட்டுமா போகும்? கட்டடமே போகும்." அவர் எழுந்தார். "இந்த ஒரு கேள்வியில கோட்டை விட்டா பாய்லர் முன்னாடி நின்னு செஞ்சு காட்டணும். அங்கயும் விட்டா வீட்டுக்குப் போகலாம். வாங்க."

கீழே பின்கட்டில் செய்முறைப் பரீட்சைக்கான பாய்லர் இரைந்துகொண்டிருந்தது. அவர் கேஜ் கண்ணாடியைக் காட்டினார். "தண்ணி எங்க நிக்குது?"

கண்ணாடிக் குழாய் பளிச்சென்று இருந்தது. கோடு இல்லை. உள்ளே தண்ணீர் முழுசாக நிறைந்தாலும் இப்படித்தான் இருக்கும். அடியோடு வற்றினாலும் இப்படித்தான் இருக்கும்.

"சார், ஆப்ஷன்..." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"என்னது?"

"ஒண்ணுமில்ல சார்."

பம்ப் சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில் பச்சையாக மினுங்கியது. தண்ணீர் தெரியவில்லையா, தண்ணீர் விடு: உடம்பு அதைத்தான் கேட்டது. அவன் கையை அதைத் தாண்டி நீட்டினான். தீயை நிறுத்தினான். இரைச்சல் அடங்கியது. பிறகு கண்ணாடியின் மேல் குழாயை மூடி, அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்தான். கொதிநீர் சீறிக்கொண்டு வந்தது, வந்துகொண்டே இருந்தது.

"நிறைஞ்சிருக்கு சார். கோடு கண்ணாடிக்கு மேல போயிடுச்சு."

"நிறைஞ்சிருக்கில்ல? அப்புறம் எதுக்குத் தீயை நிறுத்தினீங்க? இது உங்க ஆலையா இருந்தா வேலை நின்னு போயிருக்குமே, யார் பதில் சொல்றது?"

ஆவி அவரைப் பார்த்தான். அவர் முகத்தில் சரியா தப்பா என்று எதுவும் எழுதியிருக்கவில்லை.

"நிறைஞ்சிருக்கா காஞ்சிருக்கான்னு தெரியாதவரைக்கும்... காஞ்சிருக்குன்னுதான் சார் நினைக்கணும்."

"இது தெரிஞ்சவருக்கு ஸ்கிரீன்ல என்ன கேடு?"

"பதில் இடம் மாறிடுச்சு சார்."

அவர் இவனை ஏற இறங்கப் பார்த்தார். இந்த மாதிரி ஆட்களை அவர் நிறையப் பார்த்திருக்க வேண்டும். தாளில் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

பையை எடுக்கப் பரீட்சைக் கூடம் இருந்த மாடிக்குத் திரும்பியவன், வராந்தாவில் நின்று மனைவியைக் கூப்பிட்டான். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அ, பாஸ். ஆ, பெயில். எது?"

"எழுத்தா சொல்ல மாட்டேன்."

"சொல்லித் தொலைங்களேன், கடையில ஆள் நிக்குது!"

"பாஸ்."

அந்தப் பக்கம் அவள் யாரிடமோ, "சாப்பிட்ட பின்னாடி குடுங்க, முன்னாடி குடுத்துடாதீங்க," என்றாள். மறுபடி போனுக்கு வந்தாள்.

"அந்தக் கேள்வி வந்துச்சா?"

"வந்துச்சு."

"என்ன போட்டீங்க?"

"வீட்டுக்கு வந்து சொல்றேன்."

"இ போட்டீங்களா?"

"வந்து சொல்றேன்னு சொல்றேன்ல."

"வாங்க," என்றாள் அவள். "இருக்கு உங்களுக்கு."

லிஃப்டுக்குள் அவனோடு சக்கர நாற்காலியில் ஒரு பெண்ணும் ஏறினாள். "கீழ்த்தளம், கொஞ்சம் அழுத்துங்க," என்றாள். விரல் வழக்கம்போல் கடைசிப் பொத்தானுக்குப் போனது. அவன் அதை இழுத்துக்கொண்டு, குனிந்து, பொத்தானுக்குப் பக்கத்தில் எழுதியிருந்ததைப் படித்தான்.