சம்பந்தி வீட்டுச் சீர்

சுந்தரவல்லிக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசைதான் பாக்கி. தான் போய் வந்த ஊரைப் பற்றி வாயெடுக்கும்போது சம்பந்தியம்மா ஜெயலக்ஷ்மி, "அங்கயா மதினி? நாங்க போன வருசமே போயிட்டு வந்துட்டோமே!" என்று சொல்லக் கூடாது. தி. நகரில் மாடி மாடியாகப் பட்டுக்கடை வைத்திருக்கும் வீட்டில் இதெல்லாம் ஓர் ஆசையா என்று யாராவது கேட்கலாம். கேட்பவருக்கு இன்னும் சம்பந்தி வாய்க்கவில்லை என்று அர்த்தம்.

ஜெயலக்ஷ்மி வீட்டுக்கு நகைக்கடை. சுந்தரவல்லியின் மகள் லாவண்யாவைக் கட்டிக் கொடுத்த இடம். பெண்ணைக் கொடுத்தவர்கள் மாப்பிள்ளை வீட்டாரிடம் எதிர்வார்த்தை பேச முடியுமா? சுவிட்சர்லாந்துப் பனியைப் பற்றி ஆரம்பித்தாள். "போன வருசமே" வந்து விழுந்தது. நார்வேயில் குளிரில் நடுங்கியபடி வானத்தில் பச்சை வெளிச்சம் பார்த்து வந்தாள், அதற்கும் அதே. பென்குவின் பார்க்கப் பூமியின் கடைக்கோடிக்கே கப்பலேறினாள். அந்தப் பென்குவினையும் மதினி போன வருசமே பார்த்திருந்தாள். ஒவ்வொரு முறையும் சுந்தரவல்லி சிரித்துத் தொலைத்தாள். வயிறு மட்டும் எரிந்தது.

இந்த வருடம் ஆழ்வார்பேட்டையில் ஸ்நேஹாவிடம் போனாள். பெரிய இடத்து மனிதர்களுக்கு மட்டும் பயணம் ஏற்பாடு செய்கிற மயிலாப்பூர்ப் பெண் அவள்.

"இன்னும் யாரும் போகாத எடமா சொல்லும்மா."

"ஃப்ளைட் ஏறிப் போறதே இப்ப ஓல்டு ஃபேஷன் ஆன்ட்டி. பெரிய மனுஷாளெல்லாம் பக்கத்துலயே போறா. டிவி கிடையாது, ஃபோன் கிடையாது, வாயைத் தொறந்து பேசவும் கூடாது. நாலு நாள். அடையாறுல ஆத்தங்கரையோரமா ஒரு தோட்ட பங்களா."

"அடையாறா? நம்ம கடைப் பிள்ளைக தெனம் பஸ்ல போற ஊருக்கா?" என்றார் கூட வந்திருந்த கணவர் மாணிக்கவாசகம். மனைவி முறைத்த முறைப்பில் பணத்தைக் கட்டிவிட்டு, தனக்குக் கடையில் வேலை இருக்கிறது என்று நழுவினார். பாவம், அவர் வீட்டிலேயே பேசாமல்தான் இருக்கிறார், அதுவும் இலவசமாக.

பங்களா வாசலிலேயே ஃபோனைப் பிடுங்கிக்கொண்டார்கள். பட்டுக்கடை முதலாளியம்மாவுக்குச் சாயம் காட்டாத முரட்டுப் பருத்தி உடுப்பு கொடுத்தார்கள். சாப்பாடு, உப்பில்லாமல் அவித்த காய். தின்ற தட்டைத் தானே கழுவ வேண்டும். வீட்டில் வேலைக்காரி கூட முகம் சுளிக்கும் இந்தச் சாப்பாட்டுக்குத்தான் இப்போது அடிதடி. முதல் நாள் தட்டோடு உட்கார்ந்து நிமிர்ந்தாள். எதிர்ப் பலகையில், அதே முரட்டு உடுப்பில், ஜெயலக்ஷ்மி.

இங்கேயுமா! சுந்தரவல்லிக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஜெயலக்ஷ்மியின் வாய் திறந்தது. அந்த வாக்கியம் தொண்டை வரை வந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. பரிமாறிக்கொண்டிருந்த பெண் சட்டென்று உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். வாய் மூடிக்கொண்டது.

சற்று நேரம் கழித்துப் பார்த்தாள். மூடித்தான் இருந்தது. மறுநாளும் மூடியே இருந்தது. லாவண்யா கல்யாணத்துக்குப் பிறகு, மதினிக்கு எதிரே உட்கார்ந்து சுந்தரவல்லிக்குச் சோறு இறங்கியது அன்றுதான்.

எந்தத் தேசம் போனாலும் பெட்டியில் புடவைகளுக்கு நடுவே பருப்புப் பொடியும் பூண்டு ஊறுகாயும் இல்லாமல் அவள் கிளம்பியதே இல்லை. ஃபோனைப் பிடுங்கியவர்கள் ஊறுகாயைத் தேடவில்லை. மூன்றாம் நாள் முரட்டு உடுப்புக்குள் மறைத்துக் கொண்டுவந்து தட்டில் வைத்தாள். வாசனை எதிர்ப் பலகைக்குப் போனது. ஜெயலக்ஷ்மி மூக்கை உறிஞ்சினாள், தட்டை மெல்ல நகர்த்தினாள், கண்ணால் கெஞ்சினாள். மாப்பிள்ளையைப் பெற்றவள், பெண்ணைப் பெற்றவளிடம்! சுந்தரவல்லி அவசரப்படவில்லை. நிதானமாகத் தொட்டுக்கொண்டு நாலு வாய் சாப்பிட்ட பிறகுதான் ஒரு பல் பூண்டை எடுத்து மதினியின் தட்டில் வைத்தாள். இத்தனை நாடு சுற்றியும் கிடைக்காத திருப்தி அப்போது கிடைத்தது.

கடைசி நாள் வாசலில் ஃபோன் கைக்கு வந்ததுதான் தாமதம், ஜெயலக்ஷ்மி வாயைத் திறந்துவிட்டாள்.

"என்ன மதினி, நீங்க சாயங்காலந்தான வந்தீங்க? நான் காலையிலேயே வந்துட்டேனே!"

"அப்படியா மதினி!" என்றாள் சுந்தரவல்லி. வயிற்றைத் தடவிப் பார்த்தாள். எரியவில்லை. காரில் ஏறியதும் ஸ்நேஹாவை அழைத்தாள்.

"ஏம்மா, இன்னும் நெறய நாள் பேசாம இருக்குற மாதிரி ஏதாவது உண்டா?"

"ஒரு மாசத்துக்கே இருக்கு ஆன்ட்டி! அதுதான் டாப். நம்மூர்ல இன்னும் யாருமே போகலை. உங்களுக்குப் போடட்டுமா?"

ஒரு வாரம் முன்பாக இருந்தால் துள்ளியிருப்பாள்.

"எனக்கில்லம்மா. தீபாவளிக்குச் சம்பந்தி வீட்டுக்குச் சீர் வைக்கணும்லா? இந்த வருசம் வெள்ளித் தட்டு வேண்டாம், இதை வச்சிருவோம். மதினி பேர்ல போடு. அவங்களே மொதல்ல போயிட்டு வரட்டும்."