பயணம் எதுவும் இல்லை, டாக்டர்

மத்தியானத்திலிருந்து ஸ்டீராய்ட் ஏற்றத் தொடங்கலாம் என்று டாக்டர் அமீரா சொன்னபோது, யாமினிக்கு முதலில் வந்தது நிம்மதிதான். மூன்று வாரமாகப் பெயரில்லாமல் இருந்த நோய்க்கு ஒருவழியாகப் பெயர் கிடைத்துவிட்டது. கட்டிலில் கணவன் அகிலன், காலையில் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பதற்காகக் கொடுத்த மயக்க மருந்தின் மிச்சத்தில் உறங்கிக்கொண்டிருந்தான். ரத்தமும் சளியுமாகப் போய்ப்போய் அவன் கன்னங்கள் உள்வாங்கியிருந்தன.

"ஸ்கோப்ல பார்த்த புண்ணு கோலைட்டிஸ் மாதிரிதான் இருக்கு. உடம்பே தன் குடலைத் தாக்கற வியாதி. ஸ்டீராய்டுக்கு அடங்கும்," என்றார் டாக்டர். "ஆனா அமீபாவும் பார்க்கிறதுக்கு அப்படியேதான் இருக்கும். அது குடல்ல வாழற கிருமி, பாரசைட். அதுக்குப் போய் ஸ்டீராய்ட் குடுத்தா, காவல்காரனைக் கட்டிப்போட்டுட்டு திருடனை உள்ள விட்ட மாதிரி ஆயிடும். குடல் ஓட்டையாகலாம். உயிருக்கே ஆபத்து."

யாமினி தலையசைத்தாள்.

"ஸ்டூல் டெஸ்ட்ல எதுவும் வரல. டிராவல் எதுவும் இல்லைன்னு எமர்ஜென்சியில சொல்லியிருக்கீங்க. இருந்தாலும் இன்னொரு தடவை கேட்டுக்கிறேன். சமீபத்துல ஓவர்சீஸ் எங்கேயும் போகலையே?"

"பயணம் எதுவும் இல்லை, டாக்டர்."

"வேற மருந்து ஏதாச்சும்?"

"இல்லை."

டாக்டர் போனபின், அந்த இரண்டு பதில்களும் அறையிலேயே நின்றுகொண்டிருந்தன.

பொய் என்று அவள் அதை நினைக்கவில்லை. நினைக்காதபடி பார்த்துக்கொண்டாள் என்பதுதான் சரி. அவர்கள் வீட்டில் ஓவர்சீஸ் என்றால் பாலி, பாங்காக். யாமினி பிறந்த திருச்சிக்கு விமானம் ஏறினால் அது ஊருக்குப் போவது. அதை யாரும் பயணம் என்று சொல்வதில்லை. அதுவும் போய்வந்து நாலு மாதமாகிவிட்டது. அது எப்படிச் சமீபம் ஆகும்?

ஆனால் காரணம் அதுவும் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

கல்யாணமான புதிதில் ஊருக்குப் போய்வந்த அகிலனுக்கு இருமல் வந்தது. மாமியார் சரஸ்வதி, பிடோக்கில் இருக்கும் தங்கையிலிருந்து பக்கத்து பிளாக் சீனக் கிழவிவரை எல்லோரிடமும் சொன்னார்: "யாமினி ஊருக்குப் போனாலே இவனுக்கு ஏதாச்சும் ஒண்ணுலா." நாலு மாதம் முன்பு போனபோது யாமினியின் அப்பா கேன் கேனாகத் தண்ணீர் வாங்கி வைத்தார். மாப்பிள்ளை பல் தேய்ப்பதற்குக்கூடக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர். அத்தனை காவலையும் உடைத்தது யாமினிதான். கல்லூரி வாசலில், தான் படித்த காலத்தில் தினமும் குடித்த நன்னாரி சர்பத்தை அவனுக்கு வாங்கிக் கொடுத்தாள். உடைத்த ஐஸ் போட்டது. ஒரே தம்ளரை இருவரும் மாற்றி மாற்றிக் குடித்தார்கள். தன் ஊர் அவனுக்குப் பிடிக்கவேண்டும் என்ற ஆசை.

சில நாளில் அவனுக்கு வயிற்றாலை போனது. யாமினியின் அம்மா மருந்து டப்பாவைத் திறந்து, வயிற்றாலைக்கு வைத்திருந்த மெட்ரோனிடசோல் மாத்திரை இரண்டு கொடுத்தார். நின்றுவிட்டது. மிச்ச அட்டையை, எல்லோரும் செய்வதுபோல, பெட்டியில் புளிக்கும் வடகத்துக்கும் நடுவில் வைத்து அனுப்பினார். இப்போது மறுபடி ஆரம்பித்தபோது யாமினி அந்த அட்டையிலிருந்துதான் கிழித்தாள். முதல் நாள் இரண்டு. கொஞ்சம் அடங்கியது, விட்டுவிட்டாள். திரும்ப வந்தது, திரும்ப இரண்டு. மருத்துவமனைக்கு வருவதற்கு முந்தின நாள்கூட.

"ஊர் தண்ணியா இருக்குமோ?" என்று மாமியார் கேட்டபோது அவளுக்குச் சுருக்கென்றது. "நாலு மாசம் கழிச்சா அத்தை வரும்? இங்கதான் எங்கேயோ கண்டதைத் தின்னிருக்காரு," என்றாள். கிளமெண்டி கிளினிக்கில் ஃபுட் பாய்சனிங் என்று எழுதிக் கொடுத்ததும் அவள் பக்கம் ஜெயித்தது. அந்தச் சின்ன வெற்றியை இத்தனை நாள் உள்ளே சூடாக வைத்திருந்தாள்.

கைபேசியை எடுத்துத் தேடிப் படித்தாள். கெட்டுப்போன சாப்பாட்டால் வருவது சட்டென்று தொடங்கிப் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் ஓய்ந்துவிடும். அமீபா மெதுவாக வரும், வாரக்கணக்கில் நீளும். பயணம் முடிந்து மாதங்கள் கழித்தும் தலைகாட்டும். மாத்திரை போட்ட உடனே எடுக்கும் பரிசோதனையில் அது தென்படாமலும் போகலாம்.

ஒவ்வொரு வரியும் அவள் வீட்டுக்குள் வந்து பார்த்துவிட்டுப் போய் எழுதியதுபோல் இருந்தது. திரையை அணைத்தாள். அப்போதும் எழுந்திருக்கவில்லை. கோலைட்டிஸாகவே இருந்துவிட்டால்? அப்போது எதற்கு இதையெல்லாம் சொல்லி, ஆயுசுக்கும் பேச்சு வாங்கவேண்டும்? அப்படி நினைத்த கணமே தன்னையே பயத்தோடு பார்த்தாள். கணவன் உயிரையும் தன் வீட்டுப் பெருமையையும் இரண்டு கையில் வைத்து எடைபோடுகிற ஒருத்தி தனக்குள் இருக்கிறாள்.

கதவு திறந்தது. சரஸ்வதி ஃபிளாஸ்க்கோடு வந்தார்.

"எம்ஆர்டி ரயில்ல நிக்க இடமில்லலா. கஞ்சி கொண்டாந்திருக்கேன், உப்புகூட அளந்துதான் போட்டேன்." மகன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "என்னவாம்? உங்க ஊர் தண்ணி இல்லைன்னு சர்ட்டிபிகேட் குடுத்துட்டாங்களா?"

"அத்தை, ப்ளீஸ்."

"சும்மா கேட்டேன்மா. உங்காளுங்களுக்கெல்லாம் இரும்பு வயிறு. எம்புள்ளைக்குத்தான் பேப்பர் வயிறு."

பின்னாலேயே நர்ஸ் வந்தாள். கையில் சின்ன மருந்துப் பை. அகிலனின் மணிக்கட்டுப் பட்டையை ஸ்கேன் செய்தாள். பையைக் கம்பியில் மாட்டினாள். குழாயின் முனையைத் துடைத்தாள்.

யாமினி நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். மாமியார் வெளியே போகட்டும், அப்புறம் சொல்லலாம். கஞ்சி ஊற்றக் கிண்ணம் வேண்டும் என்று அனுப்பலாமா? நர்ஸ் குழாயைத் திருகிப் பொருத்தினாள். விரல் பம்பின் பொத்தானுக்குப் போனது.

"ஸ்டாப்!"

அவளுக்கே அந்நியமான குரல். அகிலன் கண் விழித்தான்.

"ஏத்தாதீங்க. டாக்டரைக் கூப்பிடுங்க. நான் தப்பா சொல்லிட்டேன்."

டாக்டர் அமீரா வந்ததும், யாமினி யாரையும் பார்க்காமல், கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். திருச்சி. சர்பத். அம்மா கொடுத்த மாத்திரை, தான் கொடுத்த மாத்திரை, டெஸ்டுக்கு முந்தின நாள் கொடுத்தது. தன் வீட்டை ஒவ்வொரு அறையாகத் திறந்து காட்டுவதுபோல் இருந்தது.

டாக்டர் கோபப்படவில்லை. நர்ஸிடம் பையைக் கழற்றச் சொன்னார். "ஸ்கோப்ல எடுத்த சதையை அமீபாவுக்குன்னு தனியா பார்க்கச் சொல்றேன். ரத்தமும், புது ஸ்டூலும் அனுப்பறேன். ரிசல்ட் வர்றவரைக்கும் ஸ்டீராய்ட் கிடையாது." வாசலருகே போய்த் திரும்பினார். "இப்பவாவது சொன்னீங்களே."

"நானும் இருந்தேனே அங்க," என்றான் அகிலன், வறண்ட குரலில். "அந்த சர்பத்தை இன்னொரு தம்ளர் கேட்டதே நான்தான்."

சரஸ்வதி ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகித் திருகி இறுக்கினார்.

மறுநாள் மாலை முடிவு வந்தது. அமீபாதான். யாமினி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நீங்க குடுத்த அதே மாத்திரைதான், ஆனா முழு கோர்ஸ்," என்றார் டாக்டர். "ரெண்டு போட்டா சத்தம் அடங்கும், ஆள் உள்ளேயே இருப்பான். முடிஞ்சதும் இன்னொரு மருந்து, பதுங்கியிருக்கிறதைக் கொல்ல." பிறகு யாமினியிடம் திரும்பினார். "நீங்களும் அதே தம்ளர்லதானே குடிச்சீங்க? சிலருக்கு எந்தத் தொந்தரவும் இல்லாம உள்ளயே இருக்கும். அவங்க கையால மத்தவங்களுக்குப் போகும். உங்களையும் டெஸ்ட் பண்ணணும்."

யாமினி தன் கைகளைப் பார்த்தாள். நாலு மாதமாகச் சப்பாத்தி மாவு பிசைந்த, தேங்காய் துருவிய கைகள். அந்தக் கிருமி அகிலனுக்குத் திருச்சியில் வந்ததா, தன் கையிலிருந்து வந்ததா? டாக்டராலும் சொல்ல முடியாது. குற்றம் இத்தனை நாள் ஒரு ஊரின் பேரில் இருந்தது. இப்போது அது எங்கே உட்காரும் என்று அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் மாமியார் வாயைத் திறக்கப்போவது தெரிந்தது. அடிக்குக் காத்திருப்பவள்போல் தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

"எனக்கும் எழுதுங்க டாக்டர்," என்றார் சரஸ்வதி. "இவ சமைச்சதைத்தான் தினம் நானும் சாப்பிடறேன்."

குத்தலா, இல்லையா? யாமினி அந்த முகத்தில் தேடினாள். களைத்த, தூங்காத ஒரு முகம் மட்டும் இருந்தது. தேடுவதை நிறுத்திவிட்டு, மாமியார் உட்கார நாற்காலியை விட்டு எழுந்தாள்.