சாமி பேருக்கு ஓர் அர்ச்சனை

“சாமி பாத்துக்குவாரு” என்று ரத்தினம்மா சொல்லும்போதெல்லாம் தங்கராஜுவுக்குப் பற்றிக்கொண்டு வரும். பிப்ரவரியில் அவருக்கு வேலை போனது. மார்ச்சில் ரத்தினம்மாவின் தலைக்குள் கட்டி இருப்பதாக டாக்டர் படம் போட்டுக் காட்டினார். ஆஹா, என்ன கவனிப்பு! இன்னும் கொஞ்சம் நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தால் செம்பவாங் பேட்டையில் இருக்கும் வீட்டுக் கூரையும் தலையில் விழுந்திருக்கும்.

இன்று ஒரு மணிக்கு ஆபரேஷன். பிழைப்பது பாதிக்குப் பாதி என்று டாக்டர் கூசாமல் சொல்லியிருந்தார். காலையில் ஆஸ்பத்திரி கவுனை மாட்டிக்கொண்டு, வளையல், தாலி, போன் எல்லாவற்றையும் கணவர் கையில் கொடுத்த ரத்தினம்மா, “லிட்டில் இந்தியா கோயிலுக்குப் போய் என் பேர்ல ஒரு அர்ச்சனை பண்ணிட்டு வாங்க. வாசல்லயே நின்னுட்டு வந்துடாதீங்க லா” என்று விரட்டினாள். முப்பத்தொரு வருடமாக அவள் உள்ளே கும்பிட, இவர் வெளியே செருப்புக்குக் காவல் நிற்பதுதான் வழக்கம்.

கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கியாயிற்று. அர்ச்சகர் தட்டை வாங்கிக்கொண்டு பெயரைக் கேட்டார். ரத்தினம்மா என்றார் தங்கராஜு.

“நட்சத்திரம்?”

தங்கராஜு திருதிருவென்று விழித்தார். மனைவியின் அடையாள அட்டை எண் தெரியும். ரத்த வகை தெரியும். எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்பது தலைகீழ்ப் பாடம். நட்சத்திரம்? மகா கெட்டிக்காரர், அவளுக்கே போன் போட்டார். அவருடைய சட்டைப்பையில் மணி அடித்தது. பின்னால் நின்ற பெண் சிரித்தே விட்டாள்.

“தெரியலையா? பரவாயில்ல, சாமி பேருக்கே பண்ணிடறேன்” என்றார் அர்ச்சகர்.

“படுத்திருக்கறது என் பொண்டாட்டி, ஐயரே! சாமிக்கு என்ன கேடு? கல்லு மாதிரி நல்லாத்தானே நிக்கிறாரு!”

அர்ச்சகர் இதைவிட மோசமானதையெல்லாம் கேட்டவர் போலிருக்கிறது. மணியை எடுத்து ஆட்டத் தொடங்கினார்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது ரத்தினம்மாவைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். தங்கராஜு கூடவே ஓடினார். குங்குமப் பொட்டலத்தைப் பிரித்ததும் தாதி கையை நீட்டித் தடுத்தாள். “நோ, அங்கிள். கெனாட் லா.”

“என் பேர்ல பண்ணிட்டீங்களா?” என்றாள் ரத்தினம்மா.

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

“உன் நட்சத்திரம் மறந்துபோச்சு, ரத்தினம். சாமி பேருக்கே பண்ணிட்டாங்க.”

திட்டுவாள் என்று காத்திருந்தார். அவளோ சிரித்தாள். “நல்லதாப் போச்சு. அவரு நல்லா இருந்தாத்தானே என்னயப் பாத்துக்குவாரு.”

ஆபரேஷன் அறைக் கதவு மூடிக்கொண்டது. குங்குமத்தைத் தொட்டுத் தன் நெற்றியிலேயே இட்டுக்கொண்டார் தங்கராஜு. முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவை. எப்படி வேண்டிக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

“நல்லா இருய்யா, சாமி” என்றார். “இன்னிக்கு ஒரு நாளாவது உடம்பப் பாத்துக்கய்யா.”