முரசுத் தோலில் பதினோரு முடிச்சு

1

இந்தக் கதையை வாயில் பஞ்சோடு கேட்டேன். 2006, குவைத், அப்பாசியாவில் ஒரு பல் கிளினிக். சொன்னவள் நர்ஸ் அற்புதராணி, குளச்சல்காரி. குறுக்குக் கேள்வி கேட்க வழியில்லாததால் சில இடங்களை நானே நிரப்பியிருக்கிறேன்.

2

அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டபோது… (அடித்துவிட்டேன். பாடப்புத்தக வாடை.)

நீலாவுக்குப் பைத்தியம் என்று… (இதையும். அவள் தெளிவானவள்.)

நீலா கோயம்புத்தூர்க்காரி, குவைத்தில் கெமிஸ்ட். அமெரிக்கப் பட்டாளத்தின் பழைய முரசுகளைத் தேடித் தேடி வாங்குவாள். மூன்றாவது முரசு இணைய ஏலத்தில் வந்தது. நூற்று நாற்பது வயது, அந்த உள்நாட்டுப் போர்க் காலத்தது. விலாவில் கழுகு ஓவியம். மேல்தோலில் நீளக் கிழிசல், அதைப் பிடித்து நிறுத்தும் கறுத்த தையல். தையல் அவளுக்கு அசிங்கமாகப் பட்டது. புதுக் கன்றுத்தோல் வரவழைத்து வாளியில் ஊறப்போட்டாள்.

“நீலா, பாத்ரூம்ல எதுக்குக் கன்னுக்குட்டி ஊறுது?” என்றான் கணவன் முரளிதரன்.

(அவனுக்கு இந்தக் கதையில் இவ்வளவுதான் வேலை.)

3

பழைய தோலை அறுக்கலாமா என்று முடிவு செய்யுமுன், முரசுக்குள் ஒட்டியிருக்கும் செய்தவர் சீட்டைப் படித்துவிட நினைத்தாள். வழி, விலாவிலிருந்த சின்னக் காற்றுத்துளை மட்டும். பக்கத்து ஃப்ளாட் அற்புதராணி பல் பார்க்கும் கண்ணாடியோடு வந்தாள். டார்ச் அடித்துப் பார்த்தார்கள். சீட்டு இருந்த இடத்தில் பசைக்கறைதான்.

“போச்சு. யாரு, எந்த ஊரு, ஒண்ணும் தெரியாது.” நீலா கத்தியை எடுத்தாள்.

“நில்லுங்கக்கா.” அற்புதராணியின் விரல் தையலில் நின்றது. “இது தோல் தைக்கவன் போட்டது இல்ல. அவன் ஒரே ஓட்டமா இழுத்துட்டுப் போவான். இதுல ஒவ்வொண்ணும் தனி முடிச்சு. ஒண்ணு அவுந்தாலும் மத்தது பிடிச்சிக்கிடும்.”

“அதனால?”

“காயத்துக்குத்தான் இப்படிப் போடுவோம்.”

நீலா குனிந்து எண்ணினாள். பதினொன்று. எல்லாம் ஒரே இடைவெளி. நாளெல்லாம் மனிதர்களைத் தைத்த ஒரு கை, செத்த கன்றின் தோலையும் வலிக்கும் என்றே எண்ணித் தைத்திருக்கிறது. அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

4

(முடிவு அ: அந்தத் தையல் போட்ட டாக்டரின் பெயரை நீலா கண்டுபிடிக்கிறாள். பொய். ஒரு வருஷம் தேடியும் கிடைக்கவில்லை. ‘டாக்டர்னு யாரு சொன்னா? நர்ஸா இருக்கும்’ என்கிறாள் அற்புதராணி.)

நடந்தது இது. புதுத்தோல் குப்பைக்குப் போனது.

“அக்கா, ஒரே ஒரு தட்டு தட்டிப் பாக்கட்டா?”

“தாங்குமா?”

“நான் போட்ட தையலே தாங்கும். இது என்னவிட நல்ல கை.”

நீலா குச்சியை நீட்டினாள். அற்புதராணி சிலுவை போட்டுக்கொண்டு, கையை ஓங்கி,

அடுத்த வாக்கியத்தை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். அந்த முடிச்சுகளின் மேல் குச்சியை இறக்க எனக்குத் துணிவில்லை. உங்களுக்கு இருந்தால் இறக்குங்கள். மெதுவாக.