இருநூற்று முப்பத்தைந்தாவது பறுவம்

“ரீச்சர், இது ஓட்டோ, தோணி இல்ல!”

ஓட்டோக்கார அக்ரம் கத்தி முடிப்பதற்குள் ஜோசப்பின் குதித்துவிட்டாள். மார்கழி மழையில் வாவி பெருகி மாங்கேணி வீதியை மூடிக்கிடந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் விறுவிறுவென்று நடந்தாள். மணி பதினொன்று நாற்பது. பன்னிரண்டுக்குப் படையல். அதற்குள் மச்சாள் கேதீஸ்வரியின் வாசல் படலைக்குப் போயாக வேண்டும். தவறினால் இன்னும் பத்தொன்பது வருடம். அப்போது அவளுக்கு எழுபத்தொரு வயது!

2004 டிசம்பர் இருபத்தாறு, பறுவ நாள், முழுநிலா. அண்ணன் மத்தேயுவைக் கடல் கொண்டுபோனது. அடுத்த வருடம் ஜோசப்பின் இருபத்தாறாந் திகதி தன்னாமுனைக் கத்தோலிக்கக் கோயிலில் பூசை கொடுத்தாள். அண்ணன் மனைவி கேதீஸ்வரியோ பறுவத் திதி பார்த்து, பதினொரு நாள் முன்னரே படையல் வைத்துவிட்டாள்.

“உங்கட படையல் அண்ணனுக்குச் சேராது” என்று ஜோசப்பின் வாயை விட்டாள்.

கேதீஸ்வரி படலையைச் சாத்தினாள். “உன்ர திகதியும் என்ர திதியும் ஒரே நாளில வரட்டும். அண்டைக்கு வா. அதுவரைக்கும் இந்த வாசலை மிதியாத.”

ஒருநாளும் வராதே என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று ஜோசப்பின் அழுதாள்.

ஆனால் அவள் கணித ஆசிரியை. சூரியனின் வருடமும் சந்திரனின் மாதமும் எந்தப் பின்னத்துக்கும் அடங்காத சோடி. அச்சொட்டாகச் சேரவே சேராது. கிட்டக் கிட்ட மட்டும் வரும். எட்டாம் வருடம் பறுவம் ஒன்றரை நாள் பிந்தியது. பதினோராம் வருடம் ஒன்றரை நாள் முந்தியது. ஒருநாள் வெறும் வகுப்பறையில், சாக்கட்டியால் இரண்டையும் கூட்டிப் பார்த்தாள். எட்டும் பதினொன்றும் பத்தொன்பது. பிந்தலை முந்தல் விழுங்கியது. மிஞ்சியது வெறும் இரண்டு மணித்தியாலம்!

மயிர்க்கூச்செறிந்தது. இருநூற்று முப்பத்தைந்து தடவை தேய்ந்து வளர்ந்த நிலா, யாரும் கைபிடித்துக் கூட்டிவராமலே, அண்ணன் போன திகதியின் வாசலில் வந்து நிற்கப்போகிறது.

இன்றுதான் அந்த நாள்.

படலை திறந்தே கிடந்தது. உள்ளே இரண்டு வாழையிலைகள்.

“மச்சாள்... இண்டைக்கு ரெண்டும் ஒண்டு. நான் கணக்குப் பார்த்து...”

“முதல்ல காலைக் கழுவுகா. சோறு ஆறுது.”

“நான் வருவனெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

கேதீஸ்வரி சிரித்தாள். “எனக்குப் பத்தொன்பது வயசு முடிஞ்ச அண்டு பிறந்த திகதியும் நட்சத்திரமும் ஒண்டா வந்தது. அண்டைக்குத்தான் உன்ர அண்ணன் என்னைக் கேட்டு வந்தவர். நிலா எப்ப திரும்புமெண்டு எனக்கு அப்பவே தெரியும்.”

இரண்டாவது இலையில் தண்ணீர் தெளித்தாள்.

“நான் உன்னை வராத எண்டு சொல்லல்ல மச்சாள். பத்தொன்பது வருஷத்தில வா எண்டுதான் சொன்னனான்.”