தீப்பெட்டிக்குள் ஒரு காது

வக்கீல் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் செருப்பைக் கழற்றுவார், அப்புறம் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றுவார், அதற்கப்புறம் காதைக் கழற்றுவார். காதென்றால் காது கேட்கும் கருவி. அதன் அடியில் நகத்தால் நெம்பினால் ஒரு சின்னக் கதவு திறக்கும். உள்ளே சட்டைப் பொத்தானில் பாதி அளவில் ஒரு பேட்டரி. அதை விரல் நுனியில் எடுத்து, வாங்கும்போது அதன் முதுகில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டி, ஒரு காலித் தீப்பெட்டியில் போட்டு மூடுவார். மறுநாள் ஆபீஸில் முதல் கட்சிக்காரர் உள்ளே வரும்வரை அந்தத் தீப்பெட்டி திறக்காது.

"வீட்டுல என்ன பெருசா கேக்கப் போறோம்?" என்பது அவர் வாதம். எதிர்வாதம் யாரும் செய்ததில்லை.

அவர் ஒன்றும் சோற்றுக்கு இல்லாத வக்கீல் இல்லை. பெரிய பெரிய கம்பெனிக்காரர்கள் வாசலில் காரை நிறுத்திவிட்டு வந்து, மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து, தங்கள் வழக்கை அவர் காதில் போட்டுவிட்டுப் போவார்கள். வக்கீலம்மாவும் சும்மா இருந்தவள் இல்லை. ஒரு மருந்துக் கம்பெனியின் கணக்குப் பிரிவுக்கே தலைவியாக இருந்து, புருஷனைவிட அதிகமாகச் சம்பாதித்து, போன வருஷம்தான் ஓய்வு பெற்றாள். ஆனாலும் தெருவுக்கு அவள் வக்கீலம்மாதான்.

மிச்சம் பிடிப்பதில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. தேய்ந்த சோப்புத் துண்டுகளை ஒன்றோடொன்று அமுக்கிப் புதுச் சோப்பு செய்வார்கள். ஒரே தேயிலைப் பையை இரண்டு கோப்பையில் நனைத்து, கிளிப் போட்டுக் கொடியில் காயவைத்து, சாயங்காலமும் நனைப்பார்கள். வந்த தபால் உறையைப் பிரித்து உள்பக்கத்தில் எழுதுவார்கள். இருட்டியபின் வீட்டுக்கு ஒரே விளக்கு. அந்த விளக்கு எந்த அறையில் எரிகிறதோ அங்கேதான் இருவரும் இருப்பார்கள். ஒரே மகள் கல்யாணமாகிப் போன அன்று, "அம்மா, இனிமே நான் எல்லா லைட்டையும் போட்டுட்டுதான் தூங்குவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறினாள். இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். வண்டி தெருமுனை திரும்பியதும் உள்ளே வந்து வாசல் விளக்கை அணைத்தார்கள்.

காது விஷயத்தை ஆரம்பித்து வைத்தவளே அவள்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும். கருவி வாங்கிய புதிதில், "வீட்டுல எதுக்குங்க பேட்டரியை வீணாக்கணும்? நான் சத்தமாப் பேசிட்டுப் போறேன்" என்றாள். அவர் அவள் தோளைத் தட்டி, "இதுக்குத்தான் கணக்குப் படிச்ச பொண்ணைக் கட்டிக்கணும்ங்கறது" என்றார். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

சத்தமாகப் பேசித்தான் பார்த்தாள். தொண்டை கட்டியது. பக்கத்து வீட்டுக்காரி மதில் மேல் தலையை நீட்டி, "என்னக்கா, காலங்காத்தாலயே சண்டையா?" என்றாள். மெல்ல மெல்லப் பேச்சு வாயிலிருந்து கைக்கு இறங்கியது. கட்டைவிரலை உதட்டில் வைத்தால் டீ. உள்ளங்கையைக் கவிழ்த்தால் விளக்கை அணை. இரண்டு கையையும் விரித்தால் தீர்ந்துபோச்சு, வாங்கணும். குடும்பம் நடத்த அது போதுமானதாகத்தான் இருந்தது. ஏழெட்டுக் கை அசைவில் வருஷங்கள் ஓடிவிட்டன.

அந்த ஏழெட்டில், மார்பில் கட்டி என்பதற்கு ஓர் அசைவு இல்லை.

குளிக்கும்போது தேய்ந்த சோப்பு கையிலிருந்து வழுக்கி ஓட, விரல் நேராக அந்தக் கட்டியின் மேல்தான் போய் நின்றது. யாருக்கும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பரிசோதனையெல்லாம் முடிந்து, பெண் டாக்டர் முடிவைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"கெட்ட கட்டிதான்மா. வர்ற திங்கக்கிழமையே எடுத்துடலாம். அதுக்குள்ள உங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேரையும் உக்கார வெச்சுப் பேசணும்."

"சொல்றேன் டாக்டர்."

"இன்னும் சொல்லவே இல்லையா?"

"பேட்டரி போட்டதும் சொல்லணும்."

டாக்டருக்குப் புரியவில்லை. விளக்கிச் சொல்ல வக்கீலம்மாவுக்கு வெட்கமாக இருந்தது.

ஆபரேஷனுக்கு வேண்டிய பணம் அவள் கணக்கிலேயே இருந்தது. அவளுக்கு வேண்டியது வேறு. 'எனக்குப் பயமா இருக்குங்க' என்று சொல்ல வேண்டும். அது அவர் காதில் விழுவதை அவர் முகத்தில் பார்க்க வேண்டும். அப்புறம் கத்தி வரட்டும், எது வேண்டுமானாலும் வரட்டும்.

அன்று சாயங்காலம் அவர் காதைக் கழற்றும் நேரத்துக்கு அவள் அடுப்படியில் இருந்துவிட்டாள். ஓடி வந்தபோது தீப்பெட்டி மூடியாகிவிட்டது. அவர் மணிக்கட்டைப் பிடித்து, ஆள்காட்டி விரலைக் காதருகில் வைத்துத் திருகிக் காட்டினாள். போடுங்க.

"அவசரமா?"

தலையை ஆட்டினாள்.

"பொண்ணுக்கு ஏதாவதா?"

இல்லை.

"குழாய் ஒழுகுதா?"

அதுவும் இல்லை.

"அப்புறம் என்ன? வியாழக்கிழமை அந்த சிமென்ட் கம்பெனிக்காரர் வீட்டுக்கே வரேன்னிருக்காரு. அவருக்காக எப்படியும் போட்டுத்தான் ஆகணும். அதோட உன் விஷயத்தையும் சேர்த்து முடிச்சிடலாம். என்ன?"

நல்ல யோசனை சொன்ன மனுஷனாகச் சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள். போன வருஷமாக இருந்தால் அந்த யோசனையை அவளே சொல்லியிருப்பாள்.

எழுதிக் காட்டலாமே என்று நினைப்பீர்கள். அவளும் நினைத்தாள். மேஜை மேல் கிடந்த உறையின் உள்பக்கத்தில் எழுதினாள். மேலே அவர் கையெழுத்தில் 'உப்பு, சோப்பு, சின்ன பல்ப்' என்று ஏற்கெனவே இருந்தது. அதற்குக் கீழே அவள் எழுத்தில் 'மார்பில் கட்டி, ஆபரேஷன்.' படித்துப் பார்த்தாள். கடைக்குப் போய் வாங்கி வர வேண்டிய சாமான் மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டாள்.

வியாழக்கிழமை சிமென்ட்காரர் வந்தார். வக்கீல் பேட்டரியைப் போட்டு, முன்னறையில் இரண்டு விளக்கையும் போட்டார். வந்தவருக்கென்று புதுத் தேயிலைப் பை பிரிக்கப்பட்டது. வக்கீலம்மா கதவோரமாக நின்று தன் புருஷன் பேசுவதைக் கேட்டாள். வந்தவர் ஏதோ சொல்ல, அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். இவ்வளவு சிரிக்கிற மனுஷனா என்று இருந்தது. வந்தவர் எழுந்ததும் அவள் கோப்பைகளை அள்ளி உள்ளே போட்டுவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே விரைந்து வந்தாள். அவர் விருந்தாளியை வாசல்வரை கொண்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். திரும்புகிற அந்த நாலு எட்டுக்குள்ளேயே ஒரு விளக்கு அணைந்தது, நகம் காதுக்குப் போனது, ஸ்டிக்கர் ஒட்டியாகிவிட்டது.

"ஏங்க!"

அவள் கூப்பிட்டது சுவரில் பட்டு அவளிடமே திரும்பி வந்தது.

அவள் முகத்தைப் பார்த்ததும்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. "அடடா, மூடிட்டேனே! சும்மா சும்மா பிரிச்சா ஸ்டிக்கர் ஒட்டாது பாரு. நாளைக்கு ஞாபகப்படுத்து" என்றார்.

அவர் தூங்கப் போனபின் பேட்டரி வந்த அட்டையை எடுத்துப் பார்த்தாள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி. ஸ்டிக்கரை ஒரு தடவை பிரித்துவிட்டால் காற்றுப்பட்டு, உபயோகித்தாலும் உபயோகிக்காவிட்டாலும் பேட்டரி தீர்ந்துகொண்டே வரும் என்று போட்டிருந்தது. பொடி எழுத்தைப் படித்தே கம்பெனியில் பேர் வாங்கியவள், இந்த ஒரு வரியை மட்டும் இத்தனை வருஷம் படிக்கவில்லை. தீப்பெட்டிக்குள் மூடி வைத்த பேட்டரியும் தன் பாட்டுக்குத் தீர்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. மிச்சம் என்று ஒன்றுமே இல்லை. அட்டையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் அவளுக்கு அது தோன்றியது. காசு கொடுப்பவர்களுக்குத்தானே அவர் பேட்டரி போடுகிறார்?

மறுநாள் காலையில் அவர் கிளம்பிப் போனபின், இவளும் நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். ஆபீஸ் முன்னறையில் குமாஸ்தா அவளைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"வாங்கம்மா! சார் கண்ணாடியை மறந்துட்டாரா?"

"இல்லப்பா. சாரைப் பாக்கணும். ஃபீஸ் எவ்வளவு?"

குமாஸ்தா வாய்விட்டுச் சிரித்தார். "சாரை டைவர்ஸ் பண்ணப் போறீங்களா? அதுக்கு நீங்க எதிர்த்த ஆபீஸுக்குல்ல போகணும்?"

அவள் சிரிக்கவில்லை. கைப்பையைத் திறந்தாள். அவர் சிரிப்பு பாதியில் நின்றது. "வேணாம்மா. சாருக்குத் தெரிஞ்சா என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாரு."

"ரசீது போடுப்பா. மத்தவங்களுக்குப் போடற மாதிரியே போடு."

ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு கட்சிக்காரர்களின் வரிசையில் உட்கார்ந்தாள். மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். அதற்கு நடுவே வக்கீலின் குரல் கேட்டது.

"அழுதுட்டே சொல்லுங்கம்மா, பரவாயில்ல. நிதானமா சொல்லுங்க. நான் கேட்டுட்டுதான் இருக்கேன்."

அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில், கம்பெனியில் யாரோ அவமானப்படுத்திவிட்டார்கள் என்று அவள் அழுதுகொண்டு வந்தபோது, 'நிதானமா சொல்லு' என்று பக்கத்தில் உட்கார்ந்த குரல். அது செத்துப்போய்விட்டது என்று நினைத்திருந்தாள். சாகவில்லை. இங்கே உட்கார்ந்து சம்பாதித்துக்கொண்டிருந்தது.

அவள் முறை வந்தது. உள்ளே போனாள். அவர் குனிந்து எதையோ எழுதிக்கொண்டே, "உக்காருங்க, சொல்லுங்க" என்றார். காதில் கருவி இருந்தது. அதன் சின்னக் கதவு மூடியிருந்தது.

"என்னங்க" என்றாள்.

கேட்டது! அவருக்குக் கேட்டது. நிமிர்ந்தார், அவளைப் பார்த்தார்.

பார்த்த மாத்திரத்தில் கை தானாகக் காதுக்குப் போனது. மனசில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, பாவம். கண்ணில் தூசி விழுந்தால் இமை மூடிக்கொள்வது மாதிரி, அவள் முகத்தைக் கண்டால் அந்தக் கை அங்கே போகும். நகம் நெம்பியது. ஸ்டிக்கர், தீப்பெட்டி, மூடி.

"நீயா! யாரோ கட்சிக்காரங்கன்னுல்ல நெனச்சேன்."

அவள் ரசீதை மேஜையில் வைத்தாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "ஃபீஸ் கட்டினியா? அசடு! நம்ம காசை நமக்கே குடுத்து, அதுக்கு வரியும் கட்டவா? நீயெல்லாம் கணக்குப் பிரிவுல என்னத்தைக் கிழிச்ச?" சிரித்தார். அப்புறம் அவள் நெற்றி வேர்வையைப் பார்த்து, "பஸ்லதானே வந்த?" என்றார்.

தலையாட்டினாள்.

"அதானே! டாக்ஸி கீக்ஸி வெச்சுட்டியோன்னு ஒரு நிமிஷம் பயந்துட்டேன்." தன் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். "குடி."

அந்தக் குரலில் இருந்தது அன்புதான். அதில் சந்தேகமே இல்லை. அதுதான் அவளை அடித்துப் போட்டது.

காதருகில் விரலைத் திருகிக் காட்டப் பாதிவரை கையைத் தூக்கினாள். அதற்கு மேல் தூக்கத் தெம்பில்லை. கையை மடியில் இறக்கி வைத்துக்கொண்டு, சற்று முன் இங்கே அழுத அந்தப் பெண்ணைப் போலவே தணிந்த குரலில் சொன்னாள்.

"எனக்கு மார்ல கட்டி இருக்குங்க. கெட்ட கட்டின்னு சொல்லிட்டாங்க. திங்கக்கிழமை ஆபரேஷன். நீங்க கூட இருக்கணும். எனக்குப் பயமா இருக்குங்க. ரொம்பப் பயமா இருக்கு."

அவர் நடுநடுவே தலையாட்டினார். "ம்... ஆமா... சரி சரி. சாயங்காலம் பேசிக்கலாம்." ரசீதைப் புரட்டிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதைப் பக்கத்தில் இருந்த எழுது காகிதக் கட்டோடு சேர்த்து வைத்தார். "வெளியில யாரும் இல்லேன்னா அந்த ஃபேனை நிறுத்திட்டுப் போ."

வெளியே வந்தாள். கடைசியாகக் காத்திருந்த ஆள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"முடிஞ்சுதாம்மா?" என்றார் குமாஸ்தா. "சார் என்ன சொன்னாரு?"

"சரின்னாரு."

காலியான நாற்காலிகளைப் பார்த்தாள். சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தாள். அணைத்துவிட்டு அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, டாக்டருக்கு போன் செய்தாள்.

"திங்கக்கிழமை வந்துடறேன் டாக்டர்... இல்ல, நான் மட்டும்தான்... சொல்லிட்டேன். சொல்லிட்டேன் டாக்டர்."

தலைக்கு மேல் ஃபேன் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. அந்த அமைதியில் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் தெளிவாகக் கேட்டது.

"சொல்லுங்க. நிதானமா சொல்லுங்க. நான் கேட்டுட்டுதான் இருக்கேன்."